சிலை பார்க்க வந்த மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. சிலைக்கு விளக்கம் சொல்லும் உத்தியோகம்!

எல்லாம் இந்தப் பத்தியால் வந்த வினை. சிக்காகோவில் அக்கா வீட்டுக்குப் போய்வந்து, அந்த நகரத்துத் தெருச் சிலைகளைப் பற்றி இங்கே எழுதினேனே, ஞாபகமிருக்கிறதா? கட்டடம் உயரத்துக்கு இரும்பு. என்ன உருவம் என்று கேட்டால் ஊர்க்காரருக்கே தெரியாது. யாரும் நின்று பார்ப்பதுமில்லை. மத்தியானத்தில் அதன் அடியில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுவார்கள். நான் கண்டது அவ்வளவுதான். ஆனால் இங்கே பிரெஞ்சுத் தலைநகரில், நம்மவர் கடைத்தெருவான லா சப்பலில் எனக்கு 'சிலை தெரிந்த ஆள்' என்று பெயர் விழுந்துவிட்டது.

மரக்கறிக் கடை சிவபாலன் வந்து கையைப் பிடித்தார்.

"அண்ணை, ஞாயிறு பின்னேரம் ஒருக்கா வரவேணும். மகளைப் பாக்க வருகினம்."

"அதுக்கு நான் எதுக்கு?"

"கோயிலிலை இல்லை அண்ணை. பார்க்கிலை... அங்கையும் ஒரு இரும்புச் சிலை நிக்குதெல்லே, அதடியிலை."

பெண் பார்ப்பதென்றால் நம்மவர்கள் கோயிலில்தான் வைப்பார்கள். தற்செயலாகச் சந்தித்ததுபோல. சரிவந்தால் கடவுள் செயல். சரிவராவிட்டால்? பிரசாத வரிசை முடிவதற்குள் செய்தி புறநகர் செவ்ரான் வரைக்கும் போய்விடும். சிவபாலன் மகள் தர்சினியை அப்படி நாலு பேர் பார்த்துவிட்டார்கள். ஒருவருக்கு நிறம் காணாது. ஒருவருக்கு உயரம் கூடிப்போச்சு. மற்ற இருவரும் ஏதோ குறை என்றார்கள், என்னவென்று சொல்லவில்லை.

"இன்னொருக்கா அப்பிடி நடந்தால் பிள்ளை தாங்கமாட்டாள். சும்மா சிரிச்சுக்கொண்டு திரியிறாள், அவ்வளவுதான்" என்றார் சிவபாலன். பாவமாக இருந்தது. சம்மதித்தேன்.

நம் சனம் எட்டியும் பார்க்காத இடம் எது? மனிதர் நன்றாகத்தான் யோசித்திருக்கிறார்! ஆனால் சும்மா நின்றால் வேஷம் கலைந்துவிடுமே. பேச்சு நின்றுபோகும்போதெல்லாம் நான் சிலையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும்.

சொன்னேன். "இது மனிதனுடைய தனிமை" என்றேன். மாப்பிள்ளையின் தாய் பயபக்தியோடு தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து "குடும்ப ஒற்றுமை" என்றேன். அதற்கும் ஆட்டினார்.

மாப்பிள்ளை ரமணன் மட்டும் எதையும் கேட்கவில்லை. ஓல்னேயில் வெல்டிங் வேலை செய்கிறவர். வந்ததிலிருந்து சிலையைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று... குனிந்தார். தடவினார். தட்டிக் காதை வைத்துக் கேட்டார். தர்சினி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

சிவபாலன் முகம் செத்துவிட்டது. ஐந்தாவதும் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன்.

தர்சினி எழுந்து நேரே அவரிடம் போனாள்.

"அப்பிடி என்ன பாக்கிறீங்கள்?"

"இஞ்சை பாருங்கோ... இந்தப் பொருத்து வெடிச்சிருக்கு. பிள்ளையள் ஏறித் தொங்கினால் கழண்டு விழும்."

அவளும் குனிந்து பார்த்தாள். உடனே போனை எடுத்து பூங்காக் காவலர்களைப் பிடித்து, பிரெஞ்சில் வெளுத்து வாங்கினாள். ஆள் வருமாம், அதுவரை யாரையும் கிட்ட விடக்கூடாதாம். இருவரும் ஆளுக்கொரு பக்கம் காவல் நின்றார்கள். ஒரு மணித்தியாலம்! நாங்கள் பெஞ்சில் இருந்து, கொண்டுவந்த ரோல்ஸைச் சாப்பிட்டோம். சிக்காகோ மாதிரியே.

காவலர்கள் வந்து சிலையைச் சுற்றித் தடுப்பு நாடா கட்டினார்கள். புறப்படும்போது ரமணன் தர்சினியிடம் போன் நம்பர் கேட்டார். பொருத்தை எப்போது திருத்துகிறார்கள் என்று அறியவேண்டுமாம்.

"இவன் ஒரு பிள்ளையிட்டை நம்பர் கேட்டதை இண்டைக்குத்தான் காணுறன்" என்று அவருடைய தாய் என் காதில் சொன்னார்.

மெட்ரோ வாசல் வரை சிவபாலன் மகளுக்குப் பக்கத்திலேயே நடந்தார். அங்கே வந்து, "என்ன பிள்ளை, என்ன சொல்ல?" என்று மெல்லக் கேட்டார்.

"வந்த நாலு பேரும் என்னிலைதான் பிழை பிடிச்சவை. இவர் சிலையிலை பிடிக்கிறார். ஓம் எண்டு சொல்லுங்கோ அப்பா."

தெருவில் நிற்கும் ஒரு சிலையை இத்தனை நேரம் பார்த்த மனிதரை இப்போதுதான் காண்கிறேன் — சிக்காகோவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!