படிகள் மட்டும் விழுந்த படங்கள்

அக்காவுக்குக் கனடா இரண்டு தடவை விசா மறுத்துவிட்டதால், அவர் யாழ்ப்பாணத்திலிருந்தும், அண்ணையும் நானும் மொன்றியலிலிருந்தும் போய் பாங்கொக்கில் சந்திப்பதென்று முடிவாயிற்று. எங்கள் ஆட்கள் அப்போது அப்படித்தான் நடுவழியில் உறவுகளைப் பார்த்துக்கொண்டார்கள். பாரிசவாதம் வந்த அண்ணை சக்கர நாற்காலியோடு என் வீட்டில் இருந்தார். நாற்காலி போகக்கூடிய இடங்களைத் தேடுவது என் பொறுப்பு.

தேடினேன், கிடைத்தன. சரிவுப் பாதையுள்ள கோயில், லிஃப்ட் வைத்த மாளிகை, நாற்காலியோடு ஏற்றிக்கொள்ளும் ஆற்றுப் படகு. ஆனால் மூன்று வருடமாய் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டிய என் தோள்கள், இரண்டு கிழமையாவது வெறுமையாய்க் காற்றில் திரிய ஆசைப்பட்டன.

“எல்லா இடமும் படி, அண்ணை,” என்றேன்.

“அப்ப நீ போட்டு வா. அவளைப் படமெடுத்துக்கொண்டு வா.”

என் மனைவியிடம் அவரை விட்டுவிட்டுப் போனேன். சரிவுப் பாதைகள் படத்தில் விழாதபடி குனிந்தும் சாய்ந்தும், படிகளாகப் பார்த்து அக்காவை நிறுத்திப் படமெடுத்தேன்.

திரும்பி வந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒரு படத்தில், படிகளின் உச்சியில், அக்காவின் தலைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சக்கர நாற்காலியில் இருந்து சிரித்தார். நான் கவனித்திருக்கவில்லை. அண்ணை கவனித்தார்.

“இவர் எப்பிடியடா மேலை ஏறினவர்?”

“ஆரும் தூக்கியிருப்பினம்.”

நெடுநேரம் பார்த்தார். “ஓம், மெலிஞ்ச மனுசன். என்னைத் தூக்கேலாதுதான்,” என்று என் தோளைத் தடவிவிட்டார்.

“ஓம் அண்ணை,” என்றேன்.