நான் எழுத மறுத்த சீட்டு

அம்பத்தூரில் எங்கள் சபைக்கு வாக்குத்தத்தச் சீட்டுகள் எழுதியவன் நான். ஆண்டின் முதல் நாள் ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவரும் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுப்பார்கள். அதிலுள்ள வசனம், அவ்வாண்டு முழுவதற்கும் ஆண்டவர் அவருக்கென்றே சொன்ன சொல். கல்லூரி மேடைகளில் கடவுளை மறுத்துப் பரிசு வாங்கியவனிடம் அவ்வேலை வந்தது, கையெழுத்தின் அழகுக்காக மட்டுமே.

அந்த ஆண்டு அம்மா எடுத்த சீட்டு சுகத்தை வாக்களித்தது. அவளுக்குக் காசநோய். ஆவடி ஆஸ்பத்திரியில் போட்டுவந்த ஊசியை அன்றோடு நிறுத்தினாள்.

"அத எழுதினதே நான்தாம்மா. வேற வசனம் தேடச் சோம்பல்பட்டு ஆறு சீட்டுல அதையே எழுதினேன்."

"எழுதுனது நீ. என் கையில எடுத்துக் குடுத்தது யாரு?"

ஒரு மாதம் வாதாடினேன். என் தர்க்கம் கூர்மையாக ஆக, அவள் விசுவாசம் வீம்பாக இறுகியது. நான் நிறுத்தவில்லை, வென்றுகொண்டிருந்தேன்.

பிறந்தநாளன்று வீட்டிலும் சீட்டெடுப்பது எங்கள் வழக்கம். அம்மாவின் பிறந்தநாளுக்கு முன்வாரம், லேத் பட்டறையிலிருந்து வந்த அப்பா என்னைத் தனியே அழைத்தார்.

"நைனா, டப்பாவுல கீற சீட்டெல்லாம் எடுத்துடு. நோயாளிக்கு வைத்தியன் வேணும்னு வசனம் கீதே, எல்லாத்துலயும் அதையே எழுதிப் போடு. எத எடுத்தாலும் ஊசிக்குப் போயிடுவா."

நிமிர்ந்து நின்று மறுத்தேன். மூடநம்பிக்கையை மோசடியால் வெல்வது பகுத்தறிவுக்குத் துரோகம் என்றேன். அவள் சிந்தித்து மாற வேண்டுமே தவிர, ஏமாந்து மாறக் கூடாது என்றேன்.

"இன்னாடா, இங்க மைக்கா கீது? உயிருடா அது."

அப்பா தாமே எழுதினார். மூன்றாம் வகுப்போடு நின்ற கை. பிறந்தநாள் ஜெபம் முடிந்து சீட்டைப் பிரித்த அம்மா, இருமலுக்கிடையே சிரித்தாள்.

"இன்னாய்யா, ஆண்டவருக்குக் கையெழுத்து இப்படிக் கோணிக்கிச்சு?"

அப்பா தலை குனிந்தார். என் எழுத்தாக இருந்திருந்தால் நம்பியிருப்பாள். அது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அவளுக்கு அடுத்த பிறந்தநாள் வரவில்லை.

கல்லறைக்கு எடுத்துச் செல்லும் முன், மரச்சிலுவையையும் கறுப்புப் பெயின்ட் டப்பாவையும் அப்பா என்முன் வைத்தார்.

"இதையாவது எழுது."

எழுதினேன். அழகாகத்தான் வந்தது. சபையார் இருவர் பாராட்டவும் செய்தார்கள்.