கொழகொழாத் தட்டு

ஊறிய ஜவ்வரிசிக்குள் மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டால் சில்லென்று இருக்கும். பிடித்தால் நழுவும், விட்டால் ஒட்டிக்கொள்ளும், விரல் இடுக்கெல்லாம் வழுக்கி வழுக்கி ஒருவிதக் கூச்சம் தோள் வரை ஏறும். எங்கள் வீட்டில் அதற்கு "கொழகொழா" என்று பெயர். பாயசத்துக்கு அல்ல, விளையாட்டுக்காகவே ஜவ்வரிசி ஊறிய வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்களுடையது ஒன்றுதான் என்று அப்போதே நான் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன், இப்போதும் பீற்றிக்கொள்கிறேன்.

எல்லாம் என் தம்பி சந்துருவுக்காக. மூன்று வயதாகியும் அவன் எதையும் தொட மாட்டான். மணலில் கால் பட்டால் அலறுவான். ஒரு பருக்கை விரலில் ஒட்டிக் காய்ந்தால் கையை உதறி உதறி அழுவான். அதைவிடக் கொடுமை, யார் கையையும் பிடிக்க மாட்டான், அம்மா கையைக்கூட. வேளச்சேரி சாலையைக் கடக்கும்போது அம்மா அவன் சட்டையின் முதுகைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டுதான் ஓடுவாள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் "இன்னாம்மா, கொயந்தைய ஆட்டுக்குட்டி மாரி இழுத்துக்கினு போற?" என்று கேட்பார்கள். அவள் பிடியை விடாமல் ஓடிக்கொண்டே இருப்பாள். "ஒரே ஒரு தடவை அவனா என் கையைப் புடிச்சா போதும்டி" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

அந்த வருடம் விஜயதசமிக்கு அவனைப் பிள்ளையார் கோயிலில் எழுத்துக்கு உட்கார்த்தினோம். தட்டில் பரப்பிய பச்சரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைக்கும் வழக்கம். குருக்கள் விரலைத் தொட்டதுதான் தாமதம், அவன் போட்ட கூச்சலில் மணியோசையே அமுங்கிப்போயிற்று. தட்டை ஓர் உதை விட்டான். அரிசி நாலாபக்கமும் பறந்தது. கூட வந்திருந்த அத்தை எல்லோர் காதிலும் விழும்படியாகவே, "அண்ணி, புள்ளைக்கு என்னமோ கீது, எங்கனா காட்டுங்க" என்றாள். அம்மா குனிந்து அரிசியைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். அத்தையை அன்றைக்கே கடித்துக் குதறியிருப்பேன், எனக்குத்தான் பல் விழுந்திருந்தது.

டாக்டரிடமும் காட்டினார்கள். பயப்பட ஒன்றுமில்லை, மெதுவாகப் பழக்குங்கள் என்றார். எப்படிப் பழக்குவது என்பதை அம்மாவே கண்டுபிடித்தாள். முதலில் தினமும் அரிசித் தட்டை நீட்டி, தினமும் அழவைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு நாள், அரிசி களையும்போது சந்துரு பக்கத்தில் வந்து நின்று கழனித் தண்ணீரில் ஒரு விரலை விட்டதைப் பார்த்துவிட்டாள். அவனுக்கு ஈரம் ஆகிறது, காய்ந்ததுதான் ஆகவில்லை! அன்று மத்தியானமே எவர்சில்வர் தாம்பாளம் நிறையத் தண்ணீர், அதில் ஒரே ஒரு பிடி ஜவ்வரிசி. வாரம் போகப்போகத் தண்ணீர் குறைந்தது, ஜவ்வரிசி கூடியது. பீட்ரூட் சாற்றில் ஒரு பங்கும் மஞ்சள் தண்ணீரில் ஒரு பங்கும் ஊறவைப்பது என் வேலை. ஒருமுறை கெட்டியாக வரட்டுமே என்று நான் வெந்நீரை ஊற்ற, எல்லாம் கூழாகிக் கூடம் முழுக்க ஒட்டிக்கொண்டது. கழுவக் கழுவ அந்தச் சிவப்பு எங்கள் பாதத்தை விட்டுப் போகவில்லை.

அப்பாவும் சும்மா இருக்கவில்லை. திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் வேலை அவருக்கு. ஒரு சாயங்காலம் கவர் நிறைய இரும்புச் சுருள்களைக் கொண்டுவந்து, "பாரு, எப்டி மின்னுது! கொயந்தை வெளையாடட்டும்" என்று பெருமையாகக் கொட்டினார். லேத்தில் சீவி விழும் சுருள், பிளேடு மாதிரி அறுக்கும். "நல்லா வெளையாடட்டும், அப்புறம் தையல் போட நீங்களே தூக்கிக்கினு ஓடுங்க" என்று அம்மா ஒரு பிடி பிடித்தாள். மறுநாள் அவர் அசட்டுச் சிரிப்போடு பஞ்சும் பெரிய ரப்பர் வளையங்களும் கொண்டுவந்தார். அவற்றை அம்மா சீயக்காய் போட்டுத் தேய்த்து எண்ணெய் நாற்றத்தைப் போக்கினாள்.

ஒரு தடவைகூட அவள் சந்துருவின் கையை இழுத்து உள்ளே வைத்ததில்லை. நான் பொறுமை இழந்து இழுக்கப்போனால், "விடுடி, நம்ம கை உள்ள கெடக்கட்டும், அவனா வருவான்" என்பாள். சீரியல் நேரம் போகும், அடுப்பில் குழம்பு வற்றும். தன் இரண்டு கைகளையும் தட்டுக்குள் போட்டுக்கொண்டு அவனெதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தே இருப்பாள்.

அடுத்த விஜயதசமி வந்தது. அதே கோயில், அதே குருக்கள், வேடிக்கை பார்க்க அதே அத்தை. சந்துரு காய்ந்த அரிசியை முறைத்துப் பார்த்தான். சட்டென்று பக்கத்திலிருந்த சொம்பை எடுத்து அரிசியில் தண்ணீரைக் கவிழ்த்தான். "ஐயையோ!" என்றாள் அத்தை. அவனோ இரண்டு கையையும் உள்ளே விட்டுப் பிசைந்துவிட்டு, ஒற்றை விரலைக் குருக்களிடம் நீட்டினான். "ஈரமா இருந்தா என்ன, எழுத்து நன்னாத்தான் நிக்கறது" என்று அவர் சிரித்துக்கொண்டே எழுதவைத்தார். திரும்பும் வழியில், சாலையோரம் அம்மா வழக்கம்போல் சட்டையைப் பிடிக்கக் குனிந்தபோது, அரிசி ஒட்டியிருந்த ஒரு பிசுபிசுத்த கை அவள் கைக்குள் வந்து புகுந்தது. வண்டிகள் நின்று வழிவிட்டும் அவள் கடக்கவில்லை. அப்படியே நின்று அழுதாள்.

இப்போது அந்த வீடு இல்லை. அங்கே நாலு மாடி ஃபிளாட். தாம்பாளம் எந்தப் பழைய பாத்திரக்காரனிடம் போனதோ தெரியாது. சந்துரு வேலைக்குப் போகிறான், கல்யாணமாகிவிட்டது. இன்றும் தயிர் சாதத்துக்கு ஸ்பூன் கேட்பான், கேட்டால் என்ன? அவனுக்குக் குழந்தை பிறந்ததும் தாம்பரம் கடைக்கு நான் பொம்மை வாங்கப் போனேன். நம்ம கொழகொழாவையே கலர் கலராக டப்பாவில் அடைத்து, "சென்சரி ப்ளே", அதாவது தொட்டு உணரும் விளையாட்டு, என்று எழுதி யானை விலைக்கு விற்கிறார்கள். போனில் படம் பிடித்துவந்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தாள்.

"அழகாத்தான் கீது" என்றாள். "பக்கத்துல யாரு உக்காருவாங்களாம்?"