ஓடும்போது கழலும் பெல்ட்

என் அக்காவின் கணவரை எங்கள் தெருவில் எட்டு என்றுதான் சொல்வார்கள். வலக்கையில் நடுவிரலும் மோதிர விரலும் இல்லை. வண்டி எப்போது தயாராகும் என்று கேட்டால், "பத்து நாள்னு சொல்ல விரல் இல்லைங்க, எட்டு நாள்ல வாங்க" என்பார். கார் பட்டறை அவருடையது. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் லேத் பட்டறை என்னுடையது.

அந்த இரண்டு விரல்களும் என்னால் போனவை. பதினோரு வருடத்துக்கு முன் ஒரு வேனின் இன்ஜினுக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். நான் ஓட்டுநர் சீட்டில் இருந்தேன். அவர் கை வெளியே வந்ததைப் பார்த்ததும் சாவியைத் திருகினேன். ஸ்பேனர் எடுக்க வந்த கை அது. அதற்குள் மறுபடி உள்ளே போயிருந்தது. அவர் கத்தவில்லை. ஈரத் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. பிறகு அவர் நடந்து வந்து, கதவைத் திறந்து, அதே கையால் என்னை அடித்தார். நிறுத்தாமல் அடித்தார். முகத்தில் இருந்தது யாருடைய ரத்தம் என்பது, அக்கா கழுவிவிட்ட பிறகுதான் தெரிந்தது. என் முன்பற்கள் இரண்டு அன்றைக்குப் போயின. "ஆளுக்கு ரெண்டு, சரியாப் போச்சு" என்று பல மாதம் கழித்து அவரே சொன்னார்.

அன்றிலிருந்து பானட் திறந்தால் சாவி அவர் சட்டைப் பைக்குள் போய்விடும். இன்ஜின் நின்று விசிறி அடங்கிய பிறகுதான் குனிவார். அந்தச் சாவியை என்னிடம் ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை.

போன மாதம் ஒரு கொத்து மேஸ்திரியின் கார் வந்தது. பெல்ட் கழன்று விழுகிறது என்றார். எட்டு அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒரு விளிம்பு மட்டும் பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தது. பழையது என்று புதியது போட்டுக் கொடுத்தார். நான்கு நாளில் அதுவும் கழன்றது. அதிலும் அதே விளிம்புதான் தேய்ந்திருந்தது. அப்படியென்றால் பெல்ட் மேல் குற்றமில்லை, அது ஓடுகிற சக்கரங்களில் ஏதோ ஒரு புல்லி சாய்ந்திருக்கிறது. ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றினார், ஆட்டினார். என் எஃகு ஸ்கேலை வாங்கி அவற்றின் முகத்தில் வைத்துப் பார்த்தார். இடைவெளியில் மயிரிழை வெளிச்சம்கூடத் தெரியவில்லை. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரையும் அசைத்துப் பார்த்தார். கல் மாதிரி நின்றது. இன்னொரு பெல்ட்டைப் போட்டு அனுப்பினார்.

மூன்றாவது தடவை அது ஓர் இறக்கத்தில் கழன்றது. பெல்ட் சுழற்றுகிற பவர் ஸ்டீயரிங் பாறையாக இறுகி, வண்டி மதிலில் போய் மோதியது. முன் சீட்டில் இருந்த மேஸ்திரியின் மனைவிக்குத் தோள் எலும்பு முறிந்தது.

மறுநாள் காலை மேஸ்திரி காரை லாரியில் கட்டி இழுத்து வந்தார். கையில் செங்கல் உடைக்கிற சுத்தியல். வந்ததும் எட்டின் வாயில் குத்தினார். எட்டு பெஞ்சில் சாய்ந்து விழ, சாமான்கள் எல்லாம் தரையில் கொட்டின. நான் பிடிக்கப் போனேன். முழங்கையால் என் விலாவில் ஒரு இடி விழுந்தது, மூச்சு வரவில்லை. பெஞ்சில் கிடந்த எட்டின் வலக்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி சொன்னார்: "இன்னொரு தடவை கழண்டுச்சுன்னா மிச்ச எட்டையும் இதே பெஞ்சுல வச்சு நசுக்கிருவேன். இப்பவே, என் கண்ணு முன்னாடி கண்டுபுடி."

எட்டு வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பெல்ட்டை மாட்டினார். சாவியைப் பைக்குள் போட்டார். ஸ்கேலை எடுத்துக் குனிந்தார்.

மேஸ்திரி அந்த ஸ்கேலைப் பிடுங்கி எறிந்தார். "ஓடாத வண்டியில என்னய்யா பாக்குற? நிக்கிற வண்டியில எங்கயாவது பெல்ட்டு கழண்டிருக்கா?"

எட்டு அப்படியே நின்றார். மூன்று தடவையும் இன்ஜினை ஆற வைத்துத்தான் பார்த்திருக்கிறார். ஓடுகிற பெல்ட்டை அவர் பதினோரு வருடமாகப் பார்த்ததே இல்லை.

பைக்குள் கைவிட்டு சாவியை எடுத்தார். அதை என்னிடம் நீட்டினார்.

"மாப்ள, நீ உக்காரு. லைட்டு, ஏசி எல்லாத்தையும் போட்டு வை, பெல்ட்டுக்கு லோடு ஏறட்டும். நான் வந்து கதவைத் தட்டாம எதையும் தொடாத."

திருகினேன். உடைந்த முகப்பும் திறந்த பானட்டுமாக இன்ஜின் ஓடியது. கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டு ரத்தம் மோவாயில் காய்ந்திருந்தது. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டியபோது பெல்ட் கீச்சென்றது.

"டென்ஷனர்தான்," என்றார். "கீல்ல இருக்குற புஷ்ஷு வளையம் தேஞ்சிருக்கு. சூடானா இளகி, அதோட கை சாயுது. அந்தப் புல்லியப் பாருங்க, பெல்ட்டு விளிம்புக்கு ஏறுது."

"எது, இதுவா?" என்று மேஸ்திரி விரலை நீட்டினார்.

பானட் இடுக்கு வழியாக நான் பார்த்தேன். சக்கர ஸ்பேனரை எட்டு எடுத்ததும் அந்த மணிக்கட்டில் இறக்கியதும் ஒரே வீச்சு. எலும்புச் சத்தம் இன்ஜின் சத்தத்தை மீறிக் கேட்டது. மேஸ்திரி அலறியபடி பின்னால் விழுந்தார். இடக்கையால் சுத்தியலைத் தேடி எடுத்தார். எழுந்து ஓங்கியபோது பெல்ட் கழன்றது. சவுக்கு மாதிரி மேலே வந்து பானட்டின் உள்தகட்டில் அறைந்து, சற்றுமுன் மேஸ்திரியின் விரல் இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு கீழே போனது. தகட்டில் ஒரு முழ நீளத்துக்குப் பெயிண்ட் உரிந்திருந்தது.

எட்டு வந்து கதவைத் தட்டினார். நான் இன்ஜினை அணைத்தேன். உருவும்போது சாவி கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மேஸ்திரி சுத்தியலைப் பிடித்தபடி பெயிண்ட் உரிந்த அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு கண்முன்னே வீங்கியது. அவர் குரலில் இப்போது கோபமில்லை.

"வேலைக்கு எப்பய்யா போறது நான்? இந்தக் கைய வச்சுக் கொத்துக் கரண்டி புடிக்க முடியுமா?"

எட்டு தரையில் கொட்டிய சாமான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வலக்கையில் பிடி நழுவியதை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஆறு வாரம் ஆகும்," என்றார். "அப்புறம் புடிக்கலாம்."