படத்துக்கு விழுந்த மாலை

எழுபதுகளில் மெல்பேர்னில் எங்கள் வீட்டு முன்னறையில் சனிக்கிழமைதோறும் புரட்சி நடக்கும். மத்தியானம் தொடங்கி, நான் சோறு போடக் கூப்பிடும்வரை நடக்கும். என் கணவரும் அவருடைய யாழ்ப்பாணத்துத் தோழர்கள் நாலைந்து பேரும் ஊரில் இடதுசாரிக் கட்சியில் ஓடித்திரிந்தவர்கள். கட்சி மாஸ்கோ, பீக்கிங் என்று இரண்டாகப் பிளந்தபோது இவர்களும் பிளந்தார்கள். அந்தப் பிளவையும் பத்திரமாகக் கட்டி எடுத்துக்கொண்டு வந்து, இங்கே சோபாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பெண் விடுதலை பற்றி அவர்கள் பேசுவதை நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்பேன். பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவர்கள் நல்லவர்கள். முன்பின் தெரியாத ஒரு நாட்டில் யாரையோ சுட்டுவிட்டார்கள் என்றால் இவர்களுக்கு இங்கே சாப்பாடு இறங்காது. அந்தக் குணத்துக்காகத்தான் நானும் சலிக்காமல் தேத்தண்ணீர் ஊற்றினேன்.

முன்னறைச் சுவரில் தலைவர்களின் படங்கள் இருந்தன. தூசி தட்டுவது என் வேலை என்பதால் யாருடைய தாடி எவ்வளவு நீளம் என்பது தோழர்களைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். எல்லாப் படங்களுக்கும் மாலை உண்டு, சீனத்துத் தலைவரின் படத்தைத் தவிர. அவர் அப்போது உயிரோடு இருந்தார். எழுபத்தாறில் அவர் இறந்த செய்தி வானொலியில் வந்த அன்று, தோழர்களில் ஒருவர் வேலையை விட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் ஏறி அந்தப் படத்துக்கும் ஒரு மாலையைப் போட்டுவிட்டு, இறங்கி உட்கார்ந்து அழுதார். ஊரில் மே தின மேடைகளை எல்லாம் சோடித்தவர் அவர். இங்கே தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருப்பவருக்குக் கழுத்தில் மாலை, இறந்தவருக்குப் படத்தில் மாலை. எங்கள் ஆட்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நாட்களில் நான் பிரன்ஸ்விக்கில் ஒரு தையல் தொழிற்சாலையில் ஆண்களின் கோட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்து மெஷினில் சிலி நாட்டுக்காரி ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். அவளுடைய கணவர் செப்புச் சுரங்கத்தில் தொழிற்சங்கக்காரர். எழுபத்துமூன்றில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்த கிழமையே அவரை வீட்டிலிருந்து கொண்டுபோய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் இருக்கிறாரா இல்லையா என்று எந்த அலுவலகமும் சொல்லவில்லை. அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்களாம். இரண்டு பேருடைய ஆங்கிலமும் ஓட்டை ஆங்கிலம். அதனால்தானோ என்னவோ எங்களுக்குள் ஒளிவுமறைவாகப் பேச முடியாது. எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

மெல்பேர்னில் இருந்த அவளுடைய நாட்டுக்காரர்கள் அடிக்கடி அவள் வீட்டுக்கு வந்து தைரியம் சொல்லுவார்கள். அவர் உயிரோடு இருக்கிறார், கட்டாயம் வருவார் என்பார்கள். செத்துவிட்டார் என்று நாமே சொன்னால் ஜெனரல்கள் அதோடு விஷயத்தை மூடிவிடுவார்கள், அது அவரைக் காட்டிக்கொடுப்பதற்குச் சமம் என்பார்கள். அதில் நியாயம் இருந்தது. நானும் தேநீர் இடைவேளையில் அதையே சொல்லுவேன். அவள் தலையை ஆட்டிவிட்டு பிஸ்கட்டை எனக்குப் பாதி உடைத்துத் தருவாள். இரவுச் சாப்பாட்டுக்கு இன்னமும் அவருக்கும் ஒரு பீங்கான் தட்டு வைக்கிறேன், வைக்காவிட்டால் மகள் கேட்கிறாள் என்று ஒரு நாள் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் இருந்த விதம் எனக்குச் சரியாகப் படவில்லை.

என் கணவரிடம் சொன்னேன். அடுத்த சனிக்கிழமையே மாஸ்கோவும் பீக்கிங்கும் முதல் தடவையாக ஒத்துப்போய், சிலியின் அரசியல் கைதிகளுக்காக ஒரு கூட்டம் வைப்பதென்று தீர்மானித்தார்கள். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு தேவாலய மண்டபம் கிடைத்தது. என் கணவர் தலைமை. மேடைச் சோடனை தபால் நிலையத்துத் தோழர். சிலிக்காரி பேசுவாள், கணவரின் படத்தையும் கொண்டுவருவாள். வடை நான். அதை மட்டும் யாரும் தீர்மானிக்கவில்லை, அது தானாகவே என் தலையில் விழுந்தது.

கூட்டம் நடந்த சனிக்கிழமை நான் மண்டபத்துப் பின்பக்கக் குசினியில் எண்ணெய்ச் சட்டியோடு நின்றேன். முன்னால் என் கணவரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அது நின்றது. கதிரைகள் அரைபடும் சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. எங்கள் ஆட்கள் கூடியிருக்கும் இடத்தில் சத்தமே இல்லையென்றால் ஏதோ பிழை என்று அர்த்தம். அடுப்பைக் குறைத்துவிட்டு, கையில் வடை அரிக்கும் கண்ணகப்பையோடு எட்டிப் பார்த்தேன்.

எல்லோரும் தலையைக் குனிந்து எழுந்து நின்றார்கள். மேடையில் சிலிக்காரியின் கணவருடைய படம். அதற்குச் சிவப்புக் கார்னேஷன் பூக்களில் கட்டிய நல்ல பெரிய மாலை. முன்னால் குத்துவிளக்கு எரிந்தது. சிலி ஆட்கள் முன்வரிசையில் மரியாதையாக நின்றார்கள். ஆட்சி கவிழ்ந்த அன்று இறந்த தங்கள் ஜனாதிபதிக்கு அஞ்சலி, பூவெல்லாம் வெறும் சோடனை என்று நினைத்திருப்பார்கள். சிலிக்காரியும் நெஞ்சில் கைவைத்து நின்றாள். அவளுக்கு நடப்பது விளங்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

எனக்கு ரத்தம் கொதித்தது. விறுவிறுவென்று மேடைக்கு ஏறி மாலையைப் படத்திலிருந்து கழற்றினேன்.

"ஆர் சொன்னது அந்த மனுசன் செத்துப்போச்செண்டு?" என்று என் கணவரைக் கேட்டேன். அடித்தொண்டையில்தான் கேட்டேன், ஆனாலும் மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும்.

அவர் மேடை சோடித்த தோழரைப் பார்த்தார். "மாலை போட்டிருக்கு எண்டபடியா, செய்தி வந்திட்டுதாக்கும் எண்டு நினைச்சன்."

தோழரின் முகம் வெளிறிப்போயிற்று. "மனுசி படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டந்து தந்தவ. நான் வேற என்னத்தை நினைக்கிறது?"

பாவம், அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. விடியவே சந்தைக்குப் போய்ப் பூ வாங்கி, ஊசியும் நூலுமாக அந்த மாலையைத் தனியாக இருந்து கட்டியவர்.

அதற்குள் சிலிக்காரி என் பக்கத்தில் வந்துவிட்டாள். ஏன் கழற்றுகிறாய் என்று கேட்டாள். நான் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். எங்கள் வழக்கத்தில் இறந்தவர்களின் படத்துக்குத்தான் மாலை போடுவது, இவர்கள் முட்டாள்தனமாகப் பிழை விட்டுவிட்டார்கள், நீ மன்னிக்க வேண்டும் என்றேன்.  அவள் என் கையிலிருந்த மாலையை வாங்கி, தானே படத்துக்குப் போட்டாள். பூக்கள் ஒரு பக்கம் சரிந்திருந்ததை நேராக இழுத்துவிட்டாள்.

"என் கணவரோடு சிறையில் அடைபட்டிருந்த ஒருவர், நான் இங்கே வருவதற்கு முன்னமே என்னிடம் வந்து சொன்னார்" என்றாள். "அந்த ஆள் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நானே அவரைக் கொன்றதுபோல எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்."

 கண்ணகப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தேன்.

"இவர்களை இன்னும் கொஞ்சம் நிற்கச் சொல்லு" என்றாள்.

நான் திரும்பி என் கணவரிடம் சொன்னேன். அவர் உட்காரத் தொடங்கியவர்களை மறுபடி எழும்பச் சொல்லிக் கையைக் காட்டினார். தமிழ் ஆட்கள் எழும்பினார்கள். அவள் சொன்னது கேட்ட முன்வரிசைச் சிலி ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்களில் ஒரு கிழவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழும்பினார். அப்போதுதான் அவள் அழுதாள். ஒப்பாரி வைக்கும் எங்கள் பெண்களைப்போல வாய்விட்டு அழுதாள், ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. எங்கள் தோழர்களின் எத்தனையோ கூட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெண்ணுக்கு உண்மையாக உதவிய கூட்டம் அது ஒன்றுதான், அதுவும் பிழையாக நடந்தது. அன்றைக்குச் சுட்ட வடை அத்தனையும் மிஞ்சிப்போய் வீட்டுக்கு வந்தது.

திங்கட்கிழமை அவள் கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். எங்கள் மேற்பார்வைக்காரி ஒரு கிரேக்கப் பெண். கணவர் இறந்த நாளிலிருந்து அவளும் கறுப்புத்தான். கண்டிப்பானவள், மெஷின் ஓடும்போது யாரோடும் பேசமாட்டாள். அன்றைக்கு வந்து சிலிக்காரியின் மெஷினை நிறுத்தினாள். யார் என்று கேட்டாள்.

"என் கணவர்" என்றாள் இவள்.

கிரேக்கக்காரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். எப்போது என்று கேட்டாள்.

சிலிக்காரி கையிலிருந்த துணியை மடியில் வைத்தாள்.

"சனிக்கிழமை" என்றாள்.