மாமா கொண்டுவந்த டீசல் எஞ்சின்

இந்த நிகழ்ச்சியை எங்கள் குடும்பத்தில் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். ஆண்டுகள் கூடக்கூட ஜீப் எட்டிப்பார்த்த பள்ளத்தின் ஆழமும் கூடிக்கொண்டே வருகிறது. சித்தப்பா சொல்லும்போது முன்சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் சுழலும். அவர் அன்று போடியிலேயே இல்லை. ஆகவே எழுதத் தொடங்குமுன் எனக்கு நானே ஒரு வரையறை வகுத்துக்கொண்டேன். நான் கண்ணால் கண்டவையும் காதால் கேட்டவையும் மட்டுமே இங்கு இடம்பெறும். அவை போதாத இடத்தில், தம்முள் கலந்து பேச வாய்ப்பில்லாத இருவர் ஒன்றுபோலச் சொன்னதை ஏற்றுக்கொள்வேன். ஐயங்களை ஐயங்கள் என்றே குறிப்பேன். அந்த ஆண்டு எங்கள் வீட்டில் ஐயத்துக்குப் பஞ்சமே இருக்கவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி அது. அப்பாவிடம் பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று இருந்தது. பட்டாளத்தில் ஓடி, கழிக்கப்பட்டு, தோட்ட முதலாளிகள் சிலரிடம் உழைத்து ஓய்ந்தபின் எங்களிடம் வந்து சேர்ந்தது. ஏலக்காய் எடுப்புக் காலத்தில், விடியற்காலையில் போடியிலிருந்து பெண்களை ஏற்றிச் சென்று, போடிமெட்டுக்கு அப்பால் உள்ள தோட்டங்களில் இறக்கிவிட்டு, மாலையில் திரும்ப அழைத்துவருவது அப்பாவின் தொழில். எங்கள் வீட்டு உலை அந்த ஜீப்பை நம்பியே கொதித்தது. பெட்ரோல் விலையோ ஏறிய வண்ணம் இருந்தது. மலை ஏறும்போது ஜீப் குடிக்கும் அளவைப் பார்த்து அப்பா பல்லைக் கடிப்பார்.

"இது ஜீப்பு இல்ல. கள்ளுக்கடைல ஒக்காந்த ஆளு. நம்மள வித்துட்டுத்தான் எந்திரிப்பான்."

அப்போது மலைக்கு ஓடிய ஜீப்புகள் பலவற்றில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்தத் தொடங்கியிருந்தார்கள். இந்த யோசனையை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் மாமா. அவர் அம்மாவின் தம்பி; மதுரைப் பட்டறைகளில் வேலை செய்தவர். மனைவியின் உடன்பிறந்தான் கொண்டுவரும் எந்த யோசனையையும் மூன்று முறை திருப்பிப் பார்க்காமல் ஏற்பதில்லை என்பது அப்பாவின் கொள்கை.

"டீசல் எஞ்சின் ஒண்ணு கெடச்சிருக்கு மச்சான். கியர் பெட்டியோட முழுசா வருது."

"எங்க கெடச்சுச்சு மாப்ளே?"

"நல்ல எடத்துலதான்."

அந்த 'நல்ல இடம்' எது என்பதில்தான் எல்லாம் தொடங்கிற்று. அப்பா நெருக்கிக் கேட்டபோது மதுரையில் ஒரு பழைய இரும்புக் கடை என்றார். அம்மாவிடம் கோயம்புத்தூர் ஏலம் என்றார். நான் கேட்டேன். "தவமிருந்தேன் ஆத்தா, சாமி குடுத்துச்சு" என்று என் தலையில் தட்டினார். மூவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்பவர்கள், இரவுச் சோற்றின்போது பேசிக்கொள்வோம் என்பது அவருக்குத் தோன்றவில்லை போலும்.

எஞ்சின் சாக்குப் படுதா போர்த்தி லாரியில் வந்தது. படுதாவை விலக்கியபோது எஞ்சின்மேல் பச்சை வண்ணம் தடித்துப் பூசப்பட்டிருந்தது. அப்பா அதைச் சுற்றிவந்தார். எஞ்சின் எண் பொறித்திருக்க வேண்டிய இடத்தில் குனிந்து கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். வண்ணம் உரிந்தது. அடியில் அரம் தேய்த்த இரும்பு பளபளத்தது. அப்பா கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அம்மா ஒன்றும் கேட்காமல் பரிமாறினாள். அவ்வளவு அமைதியாக எங்கள் வீட்டில் அதற்குமுன் யாரும் சாப்பிட்டதில்லை.

அந்த அமைதிக்குக் காரணம் இருந்தது. முந்தைய மழைக்காலத்தில் போடிமெட்டுச் சாலையில் ஒரு டீசல் ஜீப் பள்ளத்தில் விழுந்து, அதை ஓட்டியவர் இறந்துபோனார். அவர் இராசிங்காபுரத்துக்காரர். நொறுங்கிய ஜீப்பை மேலே இழுத்துப் பாகம் பாகமாக யாருக்கோ விற்றுவிட்டார்கள். உயிரை வாங்கிய வண்டியின் இரும்பு மறுபடியும் உயிர் கேட்கும் என்பது மலைக்குப் போகிறவர்களின் உறுதியான நம்பிக்கை. அத்தகைய வண்டியின் ஆணியைக்கூட அவர்கள் தொடமாட்டார்கள். அப்பா வாய்விட்டுச் சொல்லாத ஐயத்தை, தேநீர்க் கடையில் மற்றவர்கள் வாய்விட்டே சொன்னார்கள்.

மாற்றும் வேலை வீட்டின் பின்புறத்துக் கொட்டகையில் நடந்தது. மூன்று மரங்களைக் கூட்டி நிறுத்தி, சங்கிலிக் கப்பி கட்டி, பழைய எஞ்சினைத் தூக்கி எடுத்தார்கள். புதியது பழையதைவிட நீளம், பளுவும் மிகுதி. அதற்காக மாமா, எஞ்சின் உட்காரும் கால்களை வெட்டிப் புதிதாகப் பற்றவைத்தார். ரேடியேட்டரை முன்னே நகர்த்தினார். பளுவைத் தாங்க முன்பக்க ஸ்பிரிங் வில்லில் ஒரு பட்டை கூட்டினார். கியர் பெட்டியும் வேறாகையால், பின்சக்கரங்களுக்குப் போகும் தண்டு நீளமாகிவிட்டது. அதை வெட்டிக் குறுக்கினார். வண்டியின் தரையில் வேறோர் இடத்தில் துளையிட்டுக் கியர் கம்பியை மேலே கொண்டுவந்தார். எல்லாம் முடிந்தபின் அப்பாவைக் கூப்பிட்டார்.

"மச்சான், கியர் போடுற எடமெல்லாம் மாறிப்போச்சு. ஒருக்கா வந்து ஒக்காருங்க, சொல்லித்தர்றேன்."

"யாருக்குச் சொல்லித்தர்ற? நீ கோமணம் கட்டாத காலத்துல நான் ஸ்டியரிங் புடிச்சவன்டா."

மாமா சிரித்துக்கொண்டே விலகினார். அப்பா தனியாகவே ஜீப்பைத் தேவாரம் சாலையில் ஓட்டிப் பழகினார். கம்பியைப் பார்த்துப் பார்த்துக் கியர் போட்டார். பின்னால் எடுப்பதற்கும் அவ்வாறே. சமவெளியில் பிழை நேரவில்லை.

மலைக்கு முதற்பயணம் போகும் நாளில் அம்மா எனக்குத் தலைசீவிப் பூவைத்து, முன் இருக்கையில் உட்காரவைத்தாள். கன்னிப்பெண் முன்னால் உட்கார்ந்தால் வண்டிக்கு மங்கலம் என்பது வழக்கம். பின்னால் பெண்கள் நெருக்கி அமர்ந்திருந்தனர். டீசலின் ஓசை அவர்களுக்குப் புதிதல்ல. ஆயினும் யாரும் பேசாமல் அதைக் கேட்டுக்கொண்டே வந்தது எனக்கு நினைவிருக்கிறது.

பாதி மலை ஏறியிருப்போம். ஒரு கொண்டை ஊசி வளைவில், மேலிருந்து சரக்கு லாரி ஒன்று சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு இறங்கிற்று. அப்பா ஜீப்பை வெளிப்புறமாக ஒதுக்கி நிறுத்தினார். எங்கள் முன்னால் வெள்ளையடித்த தடுப்புக்கல்லும் அதற்கு அப்பால் மூடுபனியும் மட்டுமே இருந்தன. லாரி திரும்புவதற்கு நாங்கள் சற்றுப் பின்வாங்க வேண்டும். லாரிக்காரன் ஓயாமல் ஒலியெழுப்பினான். அப்பா லாரியைப் பார்த்தபடியே கியர் போட்டார். அவருடைய இடக்கை கம்பியை என் பக்கமாக விலக்கி முன்னே தள்ளியதை அருகிலிருந்த நான் கண்டேன். ஜீப் பின்னால் போகவில்லை. முன்னால் பாய்ந்து, தடுப்புக்கல்லின்மேல் ஒரு சக்கரத்தை ஏற்றி, உறுமி, நின்றது. ஒரே ஒரு சக்கரம். சித்தப்பாவின் கணக்கை யாரும் நம்ப வேண்டாம்.

பெண்கள் பின்புறமாகக் குதித்து இறங்கிவிட்டார்கள்.

"பின்னால போன்னா பள்ளத்துக்குல்ல போகுது! செத்தவன் எஞ்சினுடி இது. அவன் இழுக்குறான்டி!"

"நான் நடந்தே போறேன் ஆத்தா. எம்பிள்ளைகளுக்கு யாரு இருக்கா?"

அப்பா வியர்வையைத் துடைத்தார். செத்தவன் இழுக்கிறான் என்றால் ஜீப் வீண். தம் கை பிழைத்தது என்றால் மலையில் அவரை நம்பி யாரும் ஏறமாட்டார்கள். இவ்விரண்டையும் விட்டு மூன்றாவது ஒன்றைத் தேர்ந்தார்.

"எம் மாப்ள மாட்டுன லட்சணம் இது" என்றார்.

அது யாருக்கும் ஆறுதல் தரவில்லை. களவாடிய எஞ்சினைப் பிசகாகவும் மாட்டியிருக்கிறான் என்று பேச்சு விரிந்ததுதான் மிச்சம். வீட்டில் அம்மா மாமாவுக்குச் சோறு போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். உடன்பிறந்தவனையா கணவனையா யாரை நம்புவது என்று அவளை யாரும் கேட்கவில்லை; அவளும் சொல்லவில்லை. மாமா மட்டும் என்னைக் கொட்டகைக்கு அழைத்துப்போய் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"அப்பா கை அன்னைக்கு எந்தப் பக்கம் போச்சு? செஞ்சு காட்டு ஆத்தா."

அப்பாவைப்போலவே கம்பியை முதலில் என்னைவிட்டு விலக்கித் தள்ளினேன்; அது ஓட்டுநர் பக்கமாகப் போயிற்று. உட்கார்ந்த இடம் குழப்பிவிட்டது. பிறகு சரியாகச் செய்தேன். மாமா என் கைமேல் தம் கையை வைத்து, அதே வழியில் மறுபடியும் தள்ளினார்.

"பழைய பெட்டில ரிவர்ஸு இங்கன இருந்துச்சு. இப்ப இங்கன இருக்கது பஸ்ட் கியரு. பதட்டத்துல பழைய கை வந்துருச்சு, அம்புட்டுத்தான்." கம்பியிலிருந்து கையை எடுத்தார். "இத யார்ட்டயும் சொல்லாத. மச்சான் இன்னும் மலைல வண்டி ஓட்டணும்ல."

நான் சொல்லவில்லை. பழியை மாமா தாமே சுமந்துகொண்டது பெருந்தன்மை என்று பின்னாளில் நினைத்தேன். எஞ்சினைப் பற்றி யாரும் மேலும் கிளறாமலிருக்க, பழி அவருக்கு வசதியாகவும் இருந்திருக்கலாம் என்று அதற்கும் பின்னாளில் நினைத்தேன். இரண்டும் ஐயங்களே.

பெண்கள் ஏறுவதை நிறுத்திவிட்டார்கள். காலையில் ஜீப் போய் நிற்கும். அவர்கள் கூடையும் சாப்பாட்டுத் தூக்குமாக ஓரத்தில் நிற்பார்கள். வேறு ஜீப் வந்தால் தொற்றிக்கொள்வார்கள். வராவிட்டால் வீடு திரும்புவார்கள். தோட்டத்து மேலாளர் ஆள் அனுப்பினார். அந்த வாரத்துக்குள் பெண்கள் ஏறாவிட்டால் வேறொருவருடைய வண்டியை அமர்த்திக்கொள்வதாகச் செய்தி. எடுப்புக் காலத்தில் இழந்த தோட்டத்துச் சவாரி மறுபடி கிடைக்காது.

கடைசி முயற்சியாக ஒரு காலையில் அப்பா ஜீப்பைக் கழுவி, மஞ்சளும் குங்குமமும் இட்டு, பெண்கள் எல்லோரும் பார்க்கச் சக்கரங்களின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார். அம்மா கற்பூரம் ஏற்றினாள். மாமா சற்றுத் தள்ளி நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ஏறி உட்கார்ந்து பழத்தை நசுக்கப் புறப்பட்ட வேளையில் ஒரு பெண் ஜீப்பின் எதிரே நடந்துவந்தார்.

இராசிங்காபுரத்துப் பெண். பள்ளத்தில் விழுந்து இறந்தவரின் மனைவி.

கைம்பெண் எதிரே வந்தால் எஞ்சினை அமர்த்திவிட்டு, ஒரு வாய் நீர் குடித்துச் சற்றுப் பொறுத்தே எடுப்பார்கள். அவர்களும் அதை அறிந்து ஒதுங்கி நடப்பார்கள். இவர் ஒதுங்கவில்லை. அப்பாவின் கை சாவிக்குப் போயிற்று.

"அமத்தாதீக அண்ணே. ஓடட்டும்" என்றார் அவர்.

ஜீப்பின் முன்மூடிமேல் உள்ளங்கையை வைத்தார்.  காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் கைவைத்துப் பார்க்கும் தாயைப்போல என்றெல்லாம் எழுதத் தோன்றுகிறது. அப்படி ஒன்றும் இல்லை. கையை வைத்திருந்தார், கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவே. மாமாதான் மெல்லக் கேட்டார்.

"கேக்குதா மதினி?"

"கேக்குது, கேக்குது. எங் காது நல்லாத்தான் இருக்கு."

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா குனிந்து ஒரு துணியால் கையைத் துடைக்கத் தொடங்கினார். அந்தக் கையில் அழுக்கு இல்லை. நான் பார்த்தேன்.

பிறகு அவர் சுற்றிவந்து, எனக்கென்று பூவிட்டு வைத்திருந்த முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். அம்மா கற்பூரத் தட்டோடு ஓரடி முன்னே வந்தாள், பிறகு நின்றுவிட்டாள்.

"என்னடி வாயப் பாக்குறீக?" என்று அவர் பின்னால் திரும்பிச் சொன்னார். "ஏறுங்க வெரசா. சோலிக்கு நேரமாகல?"

புருஷனை இழந்தவளே ஏறிவிட்டாள் என்றபின் மற்றவர்கள் அஞ்சி நிற்க முகாந்திரம் இல்லை. ஒருத்தி ஏறினாள், அவள் கையைப் பிடித்து இன்னொருத்தி. அப்பா எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு போனார். தோட்டத்துச் சவாரி எங்களுக்கே நிலைத்தது.

நான் அன்று பள்ளிக்கூடம் முழுவதும் செய்தி பரப்பினேன். அந்த அம்மாள் காது கொடுத்துக் கேட்டு, 'இது என் வீட்டுக்காரர் எஞ்சின் இல்லை' என்று சொல்லிவிட்டார் என்றேன். ஊரும் அவ்வாறே கொண்டது. இன்றும் எங்கள் குடும்பத்தில் அவ்வாறே சொல்கிறார்கள். அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்பது எனக்கே மணமாகி, என் கணவர் வெளியூரிலிருந்து திரும்பும் வண்டியின் ஓசையை வாசற்படியில் நின்று அடையாளம் காணப் பழகிய பிறகுதான் உறைத்தது. அவர் 'கேட்கிறது' என்றார். எதைக் கேட்டார் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

உறுதி செய்துகொண்ட இரண்டைச் சொல்லி முடிக்கிறேன். இறந்தவரும் மாமாவும் மதுரையில் ஒரே பட்டறையில் தொழில் பழகியவர்கள். இதைத் தொடர்பில்லாத இருவர் எனக்குத் தனித்தனியே சொன்னார்கள். அந்த ஜீப் மலைக்கு ஓடிய காலம் முழுவதும் அந்த அம்மாள் முன் இருக்கையில்தான் உட்கார்ந்தார். மலை ஏறும்போது யாரோடும் பேசமாட்டார். இதை நானே கண்டேன்.

எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பது தெரியவில்லை. மாமா கடைசிவரை சொல்லவில்லை. அது தம் கணவருடையது அன்று என்று அறிந்ததால் அந்த அம்மாள் ஏறினாரா, அவருடையதே என்று அறிந்ததால் ஏறினாரா என்பதும் எனக்குத் தெரியவில்லை.