வெள்ளிக்கிழமைப் பூச்சி

கரையான், கரப்பான், மூட்டைப்பூச்சி. இந்த மூன்றோடு மல்லுக்கட்டியே என் தலை நரைத்தது. அம்பத்தூரில் பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனி ஒன்றில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, இப்போது சூப்பர்வைசராக இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு மருந்து கலக்கச் சொல்லிக்கொடுக்கும் முன் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

அன்று வெள்ளிக்கிழமை, மழை விட்டிருந்த சாயங்காலம். மேனேஜர் போன் செய்தார்.

"வேப்பம்பட்டுல ஒரு வீடு. கிச்சன்ல பூச்சியாம், அர்ஜென்ட்டுன்றாங்க. ஜெல் வெச்சு, ஒரு ஸ்பிரே அடிச்சுட்டு வந்துடு."

கரப்பானுக்கு என்ன அர்ஜென்ட் என்று முனகிக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

ஏரியை ஒட்டிய புது நகர் அது. பாதி மனையில் வீடு, மீதி மனையில் முள்ளுக்காடு. வாசலில் தெருவே கூடி நின்றது. நம் தொழிலுக்கும் இவ்வளவு மரியாதையா என்று பெருமையாகக்கூட இருந்தது. வீட்டுக்காரப் பெண் செல்வி, நிறைமாதம். கணவர் ஷிப்டுக்குப் போயிருந்தார்.

"எங்கம்மா பூச்சி?"

"சிலிண்டருக்குப் பின்னாலண்ணா."

டார்ச் அடித்துக் குனிந்தேன். பூச்சி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. நீளம் ஏறக்குறைய என் உயரம் இருக்கும். ஜெல் டியூப் ஒரு பக்கம் விழுந்தது. நான் வாசலுக்கு எப்படி வந்தேன் என்று இன்றுவரை தெரியாது.

"ஏம்மா, அது பாம்பும்மா!"

"ஐயையோ, வெள்ளிக்கிழமை, விளக்கு வெக்கிற நேரத்துல பேரச் சொல்றீங்களேண்ணா!" என்று அவள் என்னையே கண்டித்தாள்.

பேரைச் சொன்னால் வந்துவிடுமாம். வந்து சிலிண்டருக்குப் பின்னால் படுத்த பிறகும் சொல்லக் கூடாதாம். போனிலும் அப்படித்தான் 'பூச்சி' என்றிருக்கிறாள். மருந்து வாசனைக்கு அது தானாக வெளியே போய்விடும் என்று யாரோ யோசனை சொன்னார்களாம்.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் உருட்டுக்கட்டையோடு வந்தார். "நவுரு நைனா, ஒரே போடு."

செல்வி சமையலறை வாசலில் குறுக்கே நின்றுவிட்டாள். "வேணாண்ணா. எத்தினி வருசம் கழிச்சு வயித்துல ஒரு புழு பூச்சி தங்கிக்கீது. இந்த நேரத்துல எங்க ஊட்ல ஒரு உசுரு போவக் கூடாது."

"சீறிக்கினு வந்தா இன்னாமா பண்ணுவே?"

"புள்ளத்தாச்சி பாத்தா அதுக்குக் கண்ணு மறைஞ்சிடும்."

அந்தச் சேதி பாம்புக்குத் தெரியுமா என்பதுதான் என் கவலை. ஆனால் அவள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி, மறு கையை நிலையில் ஊன்றி நகராமல் நின்றாள். கொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவனை வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு, கொல்லாதே என்று கெஞ்சுகிறாள்.

"கட்டை எடுக்க நான் விடமாட்டேன். நீ வெளிய போய் உக்காரும்மா" என்றேன். வாய் சொல்லிவிட்டது, கால் ஒத்துழைக்கவில்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டு, ஸ்பிரேயர் குழாயைத் துப்பாக்கிபோல் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றேன். உள்ளே பாம்பு, வெளியே ஆட்டோக்காரர். யாருக்கு அதிகம் பயந்தேன் என்று சொல்வது கஷ்டம்.

தீயணைப்புக்காரர்கள் வந்து கொக்கியால் தூக்கிச் சாக்கில் போட்டார்கள்.

"சாரைதான், விஷமில்ல. எலி புடிக்க வந்திருக்கு" என்றவர், என் சட்டையில் இருந்த கம்பெனி பேரைப் படித்துவிட்டுச் சிரித்தார். "உங்க தொழில் பண்ற ஆளுதான் சார்."

செல்வி சாக்கைப் பார்த்துக் கும்பிட்டாள். ஆட்டோக்காரரும் கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார்.

வாடிக்கையாளர் சொல்லும் வார்த்தையை மட்டும் கேட்டால் போதாது, எதைச் சொல்கிறார் என்று கேட்கவேண்டும். இதுதான் நான் கற்றது. அதிலிருந்து யார் போன் செய்தாலும் முதலில் "பூச்சிக்குக் கால் இருக்கா?" என்று கேட்டுவிடுகிறேன். மேனேஜருக்கு இது முதலில் சிரிப்பாக இருந்தது. இப்போது அவரும் கேட்கிறார்.

அடுத்த மாதமே செல்வியிடமிருந்து போன்.

"அண்ணா, எங்க ஊட்டுக்குப் பூச்சி வந்துகீது."

என் வழக்கமான கேள்வியைத்தான் முதலில் கேட்டேன். "கால் இருக்காம்மா?"

"ரெண்டு கீதுண்ணா. கொலுசு வாங்கிக்கினு வாங்க."